ஆமாம் போடும் கலை

சிகாகோ நகரத்தின் வடபகுதியில், இரும்புத் தூண்களின்மேல் ரயில் வண்டி வீட்டு மாடிகளை உரசுவதுபோல் ஓடும் ஒரு தெருவில், பழைய மாதா கோவில் ஒன்றின் நிலவறைக் கூடத்தில், ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றில், மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவனாக இருந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கழற்றிய மேலங்கிகள் சுவரோரத்து மேஜையில் மலைபோல் குவிந்து கிடந்தன. உத்தியோக நிமித்தமாக அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியும், அலுவலகத்துக்கு வெளியே வாய்விட்டுப் பேச ஒரு மனிதர் இல்லையே என்ற ஏக்கத்தினால், பேட்டை நூலகத்துப் பலகையில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் பார்த்து, நாடகம் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு அங்கே போயிருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே நாடகம் உண்டு, நாடக ஏடு கிடையாது என்பது.

ஆசிரியை, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அவர் என்னையும், முப்பது வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரையும் நடுவில் வந்து நிற்கச் சொன்னார். என்ன பேசுவது, யாராக நடிப்பது என்று ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பதறிப்போனவராக, "டாக்டர், நல்லவேளை வந்தீர்கள், எங்கள் பாட்டியின் கடிகாரத்துக்கு நல்ல காய்ச்சல்" என்றார். நான் திகைத்து, "நான் டாக்டர் இல்லையே, இன்றைக்குத்தான் புதிதாக வந்திருக்கிறேன்" என்று உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கும் பேச வழியில்லை, எனக்கும் வழியில்லை. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "அவர் உங்கள் கையில் ஒரு வீட்டையே கொடுத்தார், நீங்கள் வாசலில் நின்றபடியே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். இன்னொரு தடவை வாங்கிப் பாருங்கள்" என்றார்.

பெரியவர் மறுபடியும் பதறினார். இந்த முறை நான் டாக்டர் ஆனேன். "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமையிலிருந்து. ராத்திரியெல்லாம் பதின்மூன்று, பதின்மூன்று என்று பிதற்றுகிறது" என்றார். நான் வெறும் காற்றிலே கையை நீட்டி, இல்லாத கடிகாரத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நாக்கை நீட்டச் சொல்லுங்கள்" என்றேன். அவர் உடனே இல்லாத கண்ணாடிக் கதவை மெதுவாகத் திறந்து, உள்ளே தொங்கும் குண்டை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டார். பிடித்திருந்த பத்திரத்தைப் பார்த்தால், அது நோயாளியின் நாக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திராது. கூடத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு ஹாஸ்யத் துணுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன், நான் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார்.

"இம்ப்ரொவைசேஷன்" என்பது இந்தக் கலைக்கு அவர்கள் வைத்திருக்கும் முழுப் பெயர். பழகினவர்கள் "இம்ப்ரோவ்" என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள். எழுதி வைத்த வசனம் இல்லாமல், இன்ன வேஷம் இன்னாருக்கு என்ற ஏற்பாடும் இல்லாமல், சபையில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சொல்லையே வித்தாக வைத்து அப்போதைக்கப்போது ஒரு நாடகத்தை உண்டாக்கி நடித்துக் காட்டுவதுதான் இதன் சாராம்சம். அப்படியானால் ஒத்திகை எதற்கு என்று கேட்கலாம். சடுகுடு ஆடுகிறவர்கள் நாளைய ஆட்டத்தை இன்றைக்கே ஆடிப் பார்க்க முடியாது; ஆனாலும் தினந்தோறும் பயிற்சி செய்கிறார்கள் அல்லவா? மூச்சும் காலும் பழகவேண்டும், பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்பது பார்க்காமலே தெரியவேண்டும். இங்கேயும் பழகுவது நாடகம் அன்று. நாடகத்தை உண்டாக்கும் மனம்.

நம்மிலே ஆசுகவி என்ற பெருமை பழையது. பொருளைக் கொடுத்த மாத்திரத்தில் பாடிய காளமேகப் புலவரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நினைத்த உடனே கற்பனை செய்வது என்றால் அது ஒரு தனி மனிதனுடைய மேதை என்றே தோன்றும். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். சமத்காரமாகப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த மேடை என்று நினைத்து, முதல் வாரங்களில் வீட்டிலிருந்தே சில பதில்களை யோசித்து வைத்துக்கொண்டு போவேன். அந்தப் பதில்களில் ஒன்றுகூட உபயோகப்படவில்லை. ஆசுகவி தன் சொல்லால் சபையை ஜெயிக்கிறார். இந்த மேடையிலோ ஜெயிக்கவேண்டும் என்று ஒருவர் நினைத்த க்ஷணத்தில் காட்சி செத்துப்போகிறது. வேண்டியது வாயைக் காட்டிலும் காது.

தமிழில் ஒருவரை "ஆமாம் சாமி" என்றால் அது மரியாதை அன்று. தனக்கென்று ஓர் அபிப்பிராயம் இல்லாமல், பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்பது அதன் பொருள். ஆனால் வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு வேறொரு ஆமாம் தெரிந்திருக்கும். தலைமைப் பாட்டுக்காரர் கதையில் ஓர் அடி எடுத்து வைக்கிறார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்கிறார். அந்த ஒரு சொல்லின்மேல் காலை ஊன்றிக்கொண்டுதான் கதை அடுத்த அடிக்குப் போகிறது. இம்ப்ரோவ்காரர்களுடைய முதல் விதியும் இதுதான்: உடன் நடிப்பவர் சொன்னதை ஆமாம் என்று ஒப்புக்கொள், ஒப்புக்கொண்டு சும்மா இராமல், உன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடு. வெறும் ஆமாம் போதாது, அது தலையாட்டல்; சேர்க்கிற ஆமாம்தான் கலை.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, அது நாடகக் கொட்டகையிலிருந்து வரவில்லை, ஏழைக் குழந்தைகளின் விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்தது என்று அறிந்து எனக்குப் பெரிய ஆச்சரியம் உண்டாயிற்று. ஜேன் ஆடம்ஸ் என்ற புண்ணியவதி, தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து, 1889-ல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் வீதியில் ஹல் ஹவுஸ் என்ற சேவா ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். இத்தாலி, கிரீஸ், ருஷ்யா, போலந்து முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்து, பாஷையும் தெரியாமல் மனிதரும் தெரியாமல் நெருக்கடியான சந்துகளில் குடியிருந்த ஜனங்களுக்கு அது நிழல் மரமாக இருந்தது. ஜேன் ஆடம்ஸுக்கு 1931-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்ததைப் பலரும் அறிவார்கள். அந்த ஸ்தாபனத்தில் நீவா பாய்டு என்ற ஆசிரியை, விளையாட்டின் மூலமாகவே மனிதர்களைச் சேர்ந்து வாழப் பழக்கலாம் என்ற நம்பிக்கையோடு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்திவந்தார் என்பதும், அங்கே 1924 முதல் 1927 வரை படித்த பெண்களில் ஒருவர்தான் இம்ப்ரோவ் உலகம் தாயாகப் போற்றும் வயோலா ஸ்போலின் என்பதும் அவ்வளவு பிரசித்தம் அல்ல.

ஸ்போலின் ருஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண். அமெரிக்காவில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலத்தில், சர்க்காரே வேலை கொடுத்த திட்டம் ஒன்றின்கீழ், 1939 முதல் சிகாகோவில் நாடகப் பயிற்சியை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் முன்னே வந்து உட்கார்ந்த குழந்தைகளும் பெரியவர்களும் வீட்டிலே வெவ்வேறு பாஷை பேசுகிறவர்கள், சங்கோசம் நிறைந்தவர்கள். அவர்களிடம் வசனத்தைக் கொடுத்து "உணர்ச்சியோடு பேசு" என்றால் யார் பேசுவார்கள்? அவர் அந்த வார்த்தையையே சொல்லவில்லை. ஒரு விளையாட்டைக் கொடுத்தார். இல்லாத கயிறு ஒன்றை இருவருக்கு நடுவில் போட்டு, இழுங்கள் என்றார். கயிறு அறுந்துபோகாமலும் ரப்பர்போல் நீளாமலும் இருக்கவேண்டும். ஒருவன் ஓர் அடி இழுத்தால் மற்றவன் ஓர் அடி வந்தாகவேண்டும். கயிற்றின்மேல் கவனம் முழுவதும் போய்விட்டபோது, ஜனங்கள் பார்க்கிறார்களே என்ற பயம் எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடும். பயத்தைப் பற்றிப் பேசாமலே பயத்தைத் தீர்த்த இந்த உபாயத்தை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன். இப்படிப்பட்ட இருநூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுக்களைத் தொகுத்து அவர் 1963-ல் வெளியிட்ட புத்தகம்தான் இன்றும் இந்தக் கலைக்குப் பிரமாண நூல்.

அவருடைய விளையாட்டுக்களில் ஒன்று, அர்த்தமில்லாத ஒலிகளை மட்டும் பேசி ஒரு விஷயத்தை எதிராளிக்கு விளங்கவைப்பது. எங்கள் கூடத்தில் அது வந்த இரவை நான் மறக்கமாட்டேன். அந்நிய பாஷையில் என் உச்சரிப்பு எப்படி விழுமோ என்ற கூச்சம் அதுவரைக்கும் என் தொண்டையில் முள்ளாக நின்றது. ஆசிரியை, "உங்கள் கையில் இருக்கும் பொருளை இவர்களிடம் விற்றுக் காட்டுங்கள், ஆனால் எந்த பாஷையும் கூடாது" என்றார். நான் வாயைத் திறந்தேன். எவ்வளவோ முயன்றும் அர்த்தமற்ற ஒலி வரவில்லை. சிறு வயதில் எங்கள் தெருவில் விடியற்காலையில் கூடையோடு வந்த கீரைக்காரம்மாளின் நீண்ட குரல்தான் வந்தது. அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று அந்த அம்மாள் இழுத்த இழுப்பிலேயே நானும் இழுத்து, இல்லாத கட்டை உதறித் தண்ணீர் தெறிக்கவிட்டு நீட்டினேன். என்னைத் தவிர அங்கே தமிழ் அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் மெக்ஸிகோ தேசத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஓர் இளம்பெண் முன்னே வந்து, கட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, பூச்சி அரித்த இலை ஒன்றை என் முகத்துக்கு நேரே கிள்ளிக் காட்டி, தன் பாஷையின் ஒலியில் விலையைக் குறைக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அவள் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கூப்பிட்டேன். உலகத்தில் எந்தத் தெருவிலும் நடக்கிற பேரம் அது. அன்று முதல் அந்தக் கூடத்தில் எனக்கு உச்சரிப்புப் பற்றிய நினைவே வந்ததில்லை.

ஸ்போலினுடைய மகன் பால் ஸில்ஸ், தாயின் விளையாட்டுக்களைப் படித்த இளைஞர்களின் கையில் கொடுத்து, அவற்றை ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கும் நாடகமாக்கினார். டேவிட் ஷெப்பர்டு என்பவரோடு சேர்ந்து 1955-ல், சிகாகோ சர்வகலாசாலைக்கு அருகில் ஒரு மதுச்சாலையில், காம்பஸ் என்ற குழுவை அவர் ஆரம்பித்தார். அன்றன்றையப் பத்திரிகைச் செய்தியை எடுத்து நடிப்பதும், ரசிகர்கள் கொடுத்த விஷயத்தை வைத்து நடிப்பதும் அங்கே வழக்கமாயின. அந்தக் குழுவிலிருந்து புகழ்பெற்ற இருவர் மைக் நிக்கல்ஸும் எலைன் மேயும். நிக்கல்ஸ் பிற்காலத்தில் "தி கிராஜுவேட்" படத்தை டைரக்ட் செய்து ஆஸ்கர் பரிசு பெற்றவர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் காம்பஸ் குழு நடந்தபோது, எலைன் மேயும் தியடோர் ஃப்ளிக்கர் என்பவரும் சமையலறையில் உட்கார்ந்து முதல்நாள் காட்சி ஏன் எழுந்தது, ஏன் விழுந்தது என்று ஆராய்ந்து சில விதிகளை வகுத்தார்கள். உடன் நடிப்பவர் சொன்னதை மறுக்காதே என்பது அவற்றில் தலையானது.

1959 டிசம்பர் 16-ஆம் தேதி, வெல்ஸ் வீதியில், முன்பு சீனர் ஒருவருடைய சலவைக்கடையாக இருந்த இடத்தில், ஸில்ஸும் பெர்னி ஸாலின்ஸும் ஹவர்டு ஆல்க்கும் "ஸெகண்ட் ஸிட்டி" என்ற அரங்கத்தைத் திறந்தார்கள். இரண்டாவது நகரம் என்று பொருள்படும் அந்தப் பெயர், நியூயார்க் எழுத்தாளர் லீப்ளிங் சிகாகோவைப் பரிகசித்து எழுதிய கட்டுரைத் தொடரின் தலைப்பு. பரிகாசத்தையும் மறுக்காமல் வாங்கிப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டார்கள்! அங்கே மேடையில் தற்செயலாகப் பிறந்த காட்சிகளில் நல்லவற்றைத் தேர்ந்து, செதுக்கி, பிறகு நிலையான நிகழ்ச்சியாக நடிப்பார்கள். பில் மர்ரே போன்ற பல பெரிய நடிகர்கள் அந்த மேடையில் வளர்ந்தவர்கள்.

கடலுக்கு அப்பால் லண்டனில் இதே காலத்தில் கீத் ஜான்ஸ்டன் என்ற ஆசிரியர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு விசித்திரமான இடையூறு இருந்தது. 1737-ல் தொடங்கிய தணிக்கை முறைப்படி, இங்கிலாந்தில் பொதுமேடையில் நடிக்கும் நாடகத்தின் ஏட்டை அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லேனிடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெறவேண்டியிருந்தது. ஏடே இல்லாத நாடகத்துக்கு எதைக் கொடுப்பது? ஜான்ஸ்டன் தம் குழுவினரின் நாடகத்தை நாடகம் என்று சொல்லாமல், வகுப்பு நடத்துவதாகவும் செய்முறை விளக்கம் காட்டுவதாகவும் சொல்லி நடத்தினார். அந்தத் தணிக்கை 1968-ல்தான் ஒழிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் நாடக நடிகர் எம்.ஆர். ராதாவின் ஞாபகம் வந்தது. மேடையில் நின்றபடியே அன்றன்றையச் செய்தியையும் எதிரே உட்கார்ந்திருப்பவரையும் வசனத்தில் சேர்த்துவிடும் அவருடைய சாமர்த்தியத்தை நேரில் கண்ட பெரியவர்கள் என் சிறு வயதில் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1954-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அவருடைய நாடகங்களை மனத்தில் வைத்துத்தான் கொண்டுவரப்பட்டது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதிகாரி ஏட்டைப் பார்க்கலாம், வரிகளை அடிக்கலாம். நடிகனுடைய நாவில் அடுத்த நொடியில் பிறக்கப்போகிற சொல்லை எப்படி அடிப்பது?

ஜான்ஸ்டன் பிறகு கானடா தேசத்துக்குப் போய், கால்கரி நகரில் 1977-ல் லூஸ் மூஸ் என்ற நாடக ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அவர் 1979-ல் எழுதிய "இம்ப்ரோ" என்ற நூலை எங்கள் ஆசிரியை அட்டை கிழிந்த நிலையில் எப்போதும் பையில் வைத்திருப்பார். மனிதர் இருவர் சந்தித்தால் அவர்களுக்குள் ஓர் ஏற்றத்தாழ்வு கணத்துக்குக் கணம் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கிறது, அதைக் கவனித்து நடித்தால் எந்தக் காட்சியும் உயிர் பெறும் என்பது அவர் உபதேசம். எஜமானர், வேலைக்காரர் என்று சொல்லிவிட்டால் போதாது. எஜமானர் நாற்காலியின் நுனியில் உட்காரட்டும், வேலைக்காரர் நிதானமாகக் கண்ணை இமைக்காமல் பார்க்கட்டும். வீட்டை யார் நடத்துகிறார் என்பது வசனம் இல்லாமலே தெரிந்துவிடும். இன்னொன்றையும் அவர் வற்புறுத்துகிறார்: அபூர்வமாகச் சொல்லப் பிரயத்தனப்படாதே, உனக்கு இயல்பாகத் தோன்றியதைச் சொல். எனக்கு இயல்பாகத் தோன்றுவது எதிரில் நிற்பவருக்கு ஒருபோதும் தோன்றியிராது என்பதைக் கீரைக்காரம்மாள் எனக்கு முன்னமே காட்டிக்கொடுத்திருந்தார்.

இனி மேடையேறிய கதைக்கு வருகிறேன். எங்கள் குழுவினர் மாதத்துக்கு ஒருமுறை, ஒரு காப்பிக் கடையின் பின்கட்டில், நாற்பது பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கத்தில் நடிப்பது வழக்கம். நாங்கள் நடித்தது "ஹெரால்டு" என்ற நீண்ட வகை. டெல் க்ளோஸ் என்பவர் 1967-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஒரு குழுவோடு உருவாக்கி, பின்னர் சிகாகோவில் சார்னா ஹால்பெர்னோடு சேர்ந்து வளர்த்தது. சபையோர் ஒரு சொல் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை எல்லோருமாகச் சேர்ந்து அலசி, சம்பந்தமில்லாத மூன்று காட்சிகளை முதலில் நடத்திக் காட்டவேண்டும். நடுவில் எல்லோரும் கூடி ஒரு விளையாட்டு. பிறகு அதே மூன்று காட்சிகள் காலத்தால் வளர்ந்து திரும்ப வரும். மீண்டும் ஒரு விளையாட்டு. மூன்றாம் சுற்றில் தனித்தனியே ஓடிய மூன்று கதைகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். அரைமணி நேரத்துக்குள் இவ்வளவும் நடக்கவேண்டும், யாரும் யாருக்கும் ஜாடை காட்டக்கூடாது என்றால், இது நடக்கிற காரியமா என்று தோன்றும். நடக்கிறது. பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு வாக்கையும் காதில் வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டிருப்பதால் நடக்கிறது.

முதல் மேடையில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். கீரை வாங்கிய அந்தப் பெண், தூரதேசத்தில் இருக்கும் மகனுடைய டெலிபோன் அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு தாயாகக் காட்சியை ஆரம்பித்தாள். ஒன்றும் பேசாமல், மணி அடித்துவிடுமோ என்று சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நான் அவளுடைய கணவனாக உள்ளே வந்தவன், நாலைந்து நாளாக மனத்தில் வைத்திருந்த ஒரு ஹாஸ்யத்தைச் சொல்லிவிட்டேன். சபையில் சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்பு அடங்கியபோது மேடையில் தாயும் இல்லை, மகனும் இல்லை; இல்லாத டெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் நின்றாள். விளக்கை அணைத்துத்தான் அந்தக் காட்சியை முடிக்கவேண்டியதாயிற்று. அவள் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை; ஆனாலும் அன்று இரவு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, ஒருவர் கொண்டுவந்து வைத்த விளக்கை ஊதி அணைத்துவிட்டு வந்தவனைப்போல் என் மனம் சங்கடப்பட்டது.

விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த அரங்கத்தின் பின்னால் ஒரு சிறிய மேஜைமுன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். காட்சி எங்கே முடிகிறது என்று அவருக்கும் தெரியாது. முடிய வேண்டிய கணத்தை அவர் கேட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு வாக்கியம் முந்தினால் கதை தொங்கும், ஒன்று பிந்தினால் சலிக்கும். அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பவரும் நடிகர்தான் என்பது என் துணிபு.

நான்காவது முறை மேடையேறிய இரவில் சபையிலிருந்து ஒரு சிறுமி கொடுத்த சொல் "சாவி". தபால்காரப் பெரியவர் தகப்பனார் ஆனார், நான் வெளியூருக்குப் போகிற மகன் ஆனேன். அவர் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற முயன்றார். இல்லாத வளையம், இல்லாத சாவி, ஆனால் முதிர்ந்த விரல்களுக்கு அந்த வளையத்தின் இறுக்கம் தெரிந்தது. நகத்தை நுழைத்து, வழுக்கி, மறுபடி நுழைத்து, ஏறக்குறைய ஒரு நிமிஷம் அவர் கழற்றிக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது பேசலாமா என்று வாயெடுத்தேன். பேசாமல், என் உள்ளங்கையை நீட்டியபடி நின்றேன். சிரிக்க வந்திருந்த சபை முழுவதும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தது. கடைசியில் சாவி கழன்றது. அவர் அதை என் கையில் வைத்து, விரல்களை மூடி, "ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் தட்டாதே" என்றார். அந்த இடத்தில் விளக்கு அணைந்தது.

சென்ற வருஷம் லீவில் சிவகங்கைப் பக்கத்து எங்கள் கிராமத்துக்குத் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். வள்ளி திருமணம் போட்டிருந்தார்கள். தென்பாண்டிச் சீமையில் ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கும் இந்தக் கலையின் அதிசயத்தை நான் அதுவரை உணர்ந்ததே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு என்னவோ பழைய பாடம்தான். ஆனால் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து, ஏஜெண்டு மூலமாகத் தனித்தனியே தேதி கொடுத்து வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், அன்று இரவுதான் மேடையில் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் விடியவிடிய நடக்கும். அடுத்து என்ன கேள்வி வரும் என்பது கேட்கிறவருக்கே தெரியாது. சிகாகோவில் பனியில் நடந்துபோய் நான் கற்றுக்கொண்டதை, எங்கள் ஊர்க்காரர்கள் பாயும் தலையணையுமாகப் பொட்டலில் படுத்தபடியே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்திருக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்தார். வந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மைக் கரகரவென்று இரைந்து, அடங்கி, ஊமையாகிவிட்டது. மைக்செட்காரப் பையன் ஓடிவந்து கம்பியைத் திருகிப் பார்த்தான். கூட்டத்தில் சலசலப்புக் கிளம்பிற்று. பபூன் மைக்கை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கவாத்தியக்காரர் பக்கம் திரும்பி, வெறுங்குரலில், "என்னப்பா, இதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு?" என்றார்.

மிருதங்கக்காரர் கையை வாத்தியத்திலிருந்து எடுக்கவில்லை. "ஆமாண்ணே" என்றார். "நேத்து ராத்திரி மழையில நனைஞ்சுச்சுல்ல. வேண்டாம், உள்ள வான்னு நான் அப்பவே கூப்பிட்டேன்."

பபூன் குனிந்து மைக்கின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.